மாணவர் காசில் ஒரு சோலார் பண்ணை: கட்டண ரசீதின் ஒரு வரி கற்றுத்தரும் பாடம்

நான் கல்லூரியில் இதழியல் படித்தபோது வாங்கிய கட்டண ரசீதுகள் இன்னும் ஒரு பழைய கவரில் இருக்கின்றன. கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், நூலகம், விளையாட்டு என்று வரிசையாக வரும். கடைசியில் ஒரு வரி: 'இதர கட்டணம்'. மூன்று வருஷமும் கட்டினேன். அது எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்ட நண்பனுக்கு கவுன்டரில் கிடைத்த பதில்: "எல்லாரும் கட்டுறாங்க இல்ல, நீயும் கட்டு தம்பி."

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களின் ரசீதிலும் இப்படி ஒரு சின்ன வரி உண்டு. ஆனால் அதைச் சேர்த்தது நிர்வாகம் இல்லை. மாணவர்களே ஓட்டுப் போட்டு, "எங்களிடம் இவ்வளவு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் சுத்தமான மின்சாரம் எடுங்கள்" என்று சேர்த்த வரி அது. எதற்குச் செலவாக வேண்டும் என்பதைப் பார்க்கும் குழுவையும் மாணவர்களே நடத்துகிறார்கள்.

அந்தச் சின்ன வரி ஒரு வளாகத்தில் எதையெல்லாம் கட்டியது, எதைக் கட்ட முடியாமல் போனது, யாரெல்லாம் அதைக் கேள்வி கேட்கலாம்? இந்த மாதப் பாடம் இதுதான். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த ஊர்? எந்த வளாகம்?

சிகாகோ நகரத்திலிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் போனால் அர்பானா, ஷாம்பெய்ன் என்று ஒட்டியே இருக்கும் இரட்டை ஊர்கள் வரும். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும்தான். 1867-ல் தொடங்கப்பட்ட இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. 40,000-க்கும் மேற்பட்டவர்கள் படிக்கிறார்கள். மாணவர், ஆசிரியர், ஊழியர் எல்லாரையும் சேர்த்தால் நம் ஊரின் ஒரு நடுத்தர நகராட்சி அளவுக்கு ஆள் வந்துவிடும்.

இந்த வளாகத்துக்கும் வெயிலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1876 முதல் தொடர்ந்து பயிர் ஆராய்ச்சி நடக்கும் ஒரு சின்ன வயல் வளாகத்தின் நடுவிலேயே இருக்கிறது. அதன் பெயர் மாரோ வயல். 1960-களில் பக்கத்தில் நூலகம் கட்ட வேண்டி வந்தது. மாடி எழுப்பினால் கட்டடத்தின் நிழல் பயிர் மேல் விழும். அதனால் நூலகத்தையே தரைக்குக் கீழே கட்டினார்கள்.

வெயிலுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த அதே வளாகத்தில்தான், சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் நிலக்கரியும் இயற்கை எரிவாயுவும் எரிக்கும் ஆபட் மின் நிலையமும் இருந்தது. குளிர்காலத்தில் பனி கொட்டும் ஊர். கட்டடங்களைச் சூடாக வைத்திருக்கவே ஏகப்பட்ட எரிபொருள் வேண்டும். இதை மாற்ற முடியாதா என்ற கேள்விதான் மாணவர்களை ஓட்டுப்பெட்டி வரை கொண்டுவந்தது.

முதல் ஓட்டு

இந்த யோசனை இல்லினாய்ஸில் பிறந்தது இல்லை. 2000-ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாக மாணவர்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். பருவத்துக்கு 1 டாலர் கூடுதலாகக் கட்டி அதில் காற்றாலை மின்சாரம் வாங்கலாமா என்பது கேள்வி. பெரும்பான்மையானவர்கள் 'சரி' என்றார்கள். (பருவம் என்பது நாம் செமஸ்டர் என்று சொல்லும் அரையாண்டு.)

மூன்று வருடம் கழித்து, 2003-ல் இல்லினாய்ஸ் மாணவர்களும் ஓட்டுப் போட்டார்கள். ஆளுக்குப் பருவத்துக்கு 2 டாலர், தூய்மையான எரிசக்திக்கான தொழில்நுட்பங்களுக்கு. அந்த ஊரில் ஒரு சாண்ட்விச் வாங்கக்கூடப் போதாத காசு. 2007-ல் வளாகத்தின் சுற்றுச்சூழலுக்காக இன்னொரு கட்டணத்துக்கும் மாணவர்கள் ஒப்புதல் தந்தார்கள். பின்னால் அதை உயர்த்தவும் ஓட்டுப் போட்டார்கள். இரண்டும் சேர்ந்து பருவத்துக்கு 14 டாலர் ஆனது. நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. போனில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள்.

14 டாலர் × 2 பருவம் = ஆண்டுக்கு ஒருவருக்கு 28 டாலர்.
28 டாலர் × 40,000 மாணவர்கள் = 11,20,000 டாலர்.

ஒரு மாணவருக்கு அது சின்னத் தொகை. எல்லாரிடமிருந்தும் சேர்ந்தால் ஆண்டுக்குச் சுமார் 11 லட்சம் டாலர். சீட்டு பிடிப்பவர்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்.

காசு எப்படி நகர்கிறது?

பணம் சேர்ப்பது பாதி வேலைதான். சேர்ந்த பணம் எந்த வழியில் போகிறது என்பதில்தான் நம்பிக்கை இருக்கிறது. இல்லினாய்ஸ் வளாகத்தில் அது போகும் வழி இதுதான்:

1. மாணவர்கள் வாக்கெடுப்பில் கட்டணத்துக்குச் சம்மதிக்க வேண்டும்.

2. பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு அதை ஏற்க வேண்டும். மாணவர் ஓட்டு மட்டும் போதாது.

3. மற்றக் கட்டணங்களோடு சேர்த்து வசூலாகும் பணம் தனிக் கணக்கில் வைக்கப்படுகிறது.

4. மாணவர்கள் தலைமையில் இயங்கும் ஒரு குழு திட்டங்களைக் கேட்கிறது. ஆசிரியர்களும் ஊழியர்களும்கூட அதில் இருக்கிறார்கள். யோசனை உள்ள மாணவரோ ஊழியரோ விண்ணப்பிக்கலாம்.

5. எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம், யார் பராமரிப்பார்கள் என்று விசாரித்துக் குழு முடிவெடுக்கிறது.

6. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதும், அது என்ன நிலையில் இருக்கிறது என்பதும் பொதுவில் வெளியிடப்படுகிறது.

7. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, இந்தக் கட்டணம் தொடரலாமா என்று மறுபடியும் மாணவர்களிடமே கேட்கிறார்கள்.

ஏழாவது படியைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஒரு முறை போட்ட கட்டணம் நிரந்தரம் ஆகிவிடுவதில்லை. பணம் வீணாகிறது என்று தோன்றினால் அடுத்த வாக்கெடுப்பில் அந்த வரியையே அடித்துவிடலாம். குழுவை நேர்மையாக வைத்திருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஐந்தாவது படியில் இருக்கும் 'யார் பராமரிப்பார்கள்' என்ற கேள்வியும் முக்கியம். திறப்பு விழாவோடு மறந்துபோன பொருட்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம் இல்லையா?

கூரையிலிருந்து வயலுக்கு

ஆரம்ப முயற்சிகளில் ஒன்று சின்னது. வணிகவியல் படிப்புக்காக 2008-ல் திறக்கப்பட்ட கட்டடத்தின் கூரையில் சோலார் பேனல்கள் வந்தன. திறன் சுமார் 33 கிலோவாட். அதற்கு மாணவர் கட்டணப் பணமும் உதவியது. நம் ஊரில் ஒரு வீட்டுக்கூரையில் 3 கிலோவாட் போடுகிறார்கள் என்றால், அதுபோல 11 வீட்டுக்கூரை அளவு. அவ்வளவு பெரிய வளாகத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

பெரிய முயற்சி 2015 இறுதியில் வேலைக்கு வந்தது. வளாகத்தின் தெற்குப் பக்கத்தில் சுமார் 21 ஏக்கரில் 18,000-க்கும் மேற்பட்ட பேனல்கள். மொத்தத் திறன் 5.87 மெகாவாட். ஒரு மெகாவாட் என்றால் 1,000 கிலோவாட். ஆண்டுக்குச் சுமார் 78.6 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள்.

யூனிட் என்றால் என்ன? உங்கள் வீட்டு மின் கட்டணக் கணக்கில் வருகிற அதே யூனிட்தான். ஒரு கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகும் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 2,400 யூனிட் வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்தப் பண்ணையின் ஓராண்டு மின்சாரம் 3,275 வீடுகளுக்குப் போதும்.

கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்த வளாகத்தின் மொத்த மின் தேவையில் இது சுமார் 2 சதவீதம் மட்டுமே. 21 ஏக்கர், 18,000 பேனல், 2 சதவீதம். ஆய்வுக்கூடங்களும் கணினி மையங்களும் எவ்வளவு மின்சாரம் குடிக்கின்றன என்பது இதிலேயே தெரியும். செலவைக் குறைக்காமல் பேனலை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால் ஊரே போதாது.

இந்தப் பண்ணைக்கு மாணவர் குழு கொடுத்தது 10.5 லட்சம் டாலர். மொத்தச் செலவில் அது ஒரு சிறு பங்குதான். மீதி எப்படி வந்தது? பண்ணையைக் கட்டி நடத்தும் பொறுப்பு ஒரு நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. அதில் விளையும் மின்சாரத்தை முதல் 10 ஆண்டுகளுக்குப் பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கும். அதன்பின் பண்ணை பல்கலைக்கழகத்துக்கே சொந்தமாகும். இதற்கு மின் கொள்முதல் ஒப்பந்தம் என்று பெயர். தவணையில் வண்டி எடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் பணம் அதற்குக் கட்டிய முன்பணம் போல.

முன்பணம் சின்னதுதானே என்று தள்ளிவிட முடியாது. "எங்கள் பங்கு பத்து லட்சம் டாலர் தயார், உங்கள் பங்கு என்ன?" என்று கேட்கிற இடத்துக்கு மாணவர்கள் வந்துவிட்டார்கள். கையில் கோரிக்கை மனு மட்டும் இருந்தால் 'பரிசீலிக்கிறோம்' என்ற பதில் கிடைக்கும். மனுவோடு முன்பணமும் இருந்தால் பேச்சே வேறு.

2021 தொடக்கத்தில் இரண்டாவது பண்ணையும் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. இது 54 ஏக்கர், சுமார் 12 மெகாவாட். இரண்டு பக்கமும் வெளிச்சத்தை வாங்கும் பேனல்கள், சூரியன் நகர நகரத் தாங்களும் திரும்பும் தாங்கிகள். பேனல்களுக்குக் கீழேயும் சுற்றிலும் தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் பிடித்த உள்ளூர்ச் செடிகளை விதைத்தார்கள். முதல் பண்ணையை நடத்திப் பார்த்த அனுபவம் இல்லாமல், அதைவிட இரண்டு மடங்கு பெரிய பண்ணைக்கு நிர்வாகம் துணிந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்காத காற்றாலை

நடக்காத கதையையும் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். இல்லினாய்ஸ் சமவெளியில் காற்றுக்குக் குறைச்சல் இல்லை. வளாகத்தின் விவசாய நிலத்திலேயே காற்றாலை நிறுத்த வேண்டும் என்பது மாணவர்களின் பல வருடக் கனவு. மாணவர் பணமும் அதற்கு ஒதுக்கப்பட்டது. வருடக்கணக்கில் ஆய்வும் கூட்டமும் நடந்தன. செலவு பற்றிய தயக்கம் ஒரு பக்கம், அருகில் குடியிருப்பவர்களின் கவலை இன்னொரு பக்கம். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது.

ஓட்டுப் போட்ட மாணவர்கள் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பார்கள் என்பது சொல்லாமலே புரியும். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2016-ல் பல்கலைக்கழகம் வேறு வழி பிடித்தது. அதே மாநிலத்தில் லிங்கன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ரெயில் ஸ்பிளிட்டர் காற்றாலைப் பண்ணையிலிருந்து 10 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி யூனிட். முதல் சோலார் பண்ணை தருவதைப் போல மூன்று மடங்கு.

வளாகத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு காற்றாலை கிடைக்கவில்லை. ஆனால் காற்று மின்சாரம் கிடைத்தது. கண்ணுக்குத் தெரிகிற பொருள்தான் வேண்டுமா, தேவையான பலன் கிடைத்தால் போதுமா? பொதுப்பணத்தில் திட்டம் போடும் யாரும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

பேனல் மட்டும் இல்லை

மாணவர் நிதியில் பெரும் பாராட்டு சோலாருக்குத்தான் கிடைக்கும். ஆனால் அன்றாடம் மாணவர்கள் காலில் மிதிபடுகிற, தட்டில் விழுகிற வேலைகள் வேறு.

மழைத் தோட்டம்: மாணவர் விடுதிகளுக்கு நடுவே ஒரு பழைய சிவப்பு ஓக் மரம் இருக்கிறது. மழை பெய்தால் அந்த நடைபாதையில் தண்ணீர் தேங்கும். சாக்கடை தோண்டிக் கடத்துவதற்குப் பதிலாக, 2006-ல் அங்கே மழைத் தோட்டம் போட்டார்கள். பள்ளமான நிலத்தில் ஆழமாக வேர் விடும் உள்ளூர்ச் செடிகளை நட்டால் தேங்கும் நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். காலப்போக்கில் அது சரியாக வேலை செய்யாமல் போக, 2019-ல் மறுபடி வடிவமைத்தார்கள். அதற்கு மாணவர் நிதியும் சேர்ந்தது.

மாணவர் பண்ணை: 2009-ல் தொடங்கிய காய்கறிப் பண்ணை. விளைவது விடுதி உணவுக்கூடங்களுக்குப் போகிறது. அங்கே விளைந்த தக்காளி சாஸாகி, விடுதி பீட்சாவில் வந்து விழுகிறது.

பழைய எண்ணெய்: உணவுக்கூடங்களில் பொரித்து முடித்த எண்ணெயைச் சேகரித்து, மாணவர்களே பயோடீசலாக மாற்றும் முயற்சிக்கும் இந்த நிதி உதவியது. அந்த எரிபொருள் வளாக வண்டிகளுக்குப் போனது.

சுழல் நிதி: எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சுய உதவிக் குழுக்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். மாணவர் நிதியின் ஒரு பங்கு, திரும்பி வரும் கடனாக வைக்கப்பட்டது. ஒரு கட்டடத்தில் பழைய விளக்குகளை மாற்ற அந்த நிதியிலிருந்து பணம் எடுக்கலாம். மின் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து கடனைத் திருப்ப வேண்டும். திரும்பிய பணம் அடுத்த கட்டடத்துக்குப் போகும்.

எளிதாகப் புரிய ஒரு உதாரணக் கணக்கு: விளக்கு மாற்ற ரூ.1,00,000 செலவு, ஆண்டுக்கு மின் கட்டணத்தில் ரூ.25,000 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டில் முழுப் பணமும் நிதிக்குத் திரும்பிவிடும். ஐந்தாவது ஆண்டிலிருந்து மிச்சம் கட்டடத்துக்கு. நிதியோ அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டது. 2 சதவீத சோலார் பண்ணைக்குப் பக்கபலம் இதுதான். ஒரு பக்கம் உற்பத்தி, இன்னொரு பக்கம் சிக்கனம்.

கேட்டே ஆக வேண்டிய மூன்று கேள்விகள்

இதுவரை படித்ததில் 'நல்ல விஷயம்' என்று தலையாட்டிவிட்டுப் போகலாம். ஆனால் காசு கட்டுகிறவர் கேள்வி கேட்காமல் தலையாட்டினால் மறுபடி என்னுடைய 'இதர கட்டணம்' கதைதான்.

முதல் கேள்வி: இது மாணவர் கட்ட வேண்டிய பணமா? கூரையும் விளக்கும் மின் நிலையமும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அதை மாணவர் தலையில் கட்டுவது நியாயமா என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு. கேள்வி சரியானதுதான். மாணவர் நிதி, நிர்வாகம் செய்ய வேண்டிய வேலைக்கு மாற்றாக ஆகிவிடக் கூடாது. நிர்வாகத்தை அசைக்கும் முதல் தள்ளாக இருந்தால் போதும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம், 2050-க்குள் கரியமில வாயுக் கணக்கை நிகரப் பூஜ்யமாக்குவோம் என்று 2010-ல் தன் செயல் திட்டத்தில் எழுத்திலேயே கொடுத்தது. இலக்கு நிர்வாகத்துடையது என்று ஆனபிறகு, மாணவர் காசு துணைக்காசு ஆகிறது.

இரண்டாவது கேள்வி: கஷ்டப்படும் மாணவர் என்ன செய்வார்? 14 டாலர் பலருக்கு ஒன்றுமில்லை. கடன் வாங்கிப் படிப்பவருக்கு ஒவ்வொரு வரியும் வலிக்கும். ஓட்டெடுப்பில் தோற்ற பக்கமும் கட்டித்தான் ஆக வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் பெர்க்லி வளாக மாணவர்கள் 2007-ல் பருவத்துக்கு 5 டாலர் பசுமை நிதிக்கு ஓட்டுப் போட்டபோது, அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவரும் இத்தகைய கட்டணங்களில் ஒரு பங்கு, வசதி குறைந்த மாணவர்களின் கல்வி உதவிக்குத் திரும்பிப் போகிறது.

மூன்றாவது கேள்வி: பலன் யாருக்கு? இதற்குத்தான் பதில் சொல்வது கஷ்டம். 2003-ல் முதல் 2 டாலருக்குக் கை தூக்கிய 18 வயது மாணவிக்கு, சோலார் பண்ணை ஓடத் தொடங்கிய 2015-ல் வயது 30. வேலை, குடும்பம் என்று எங்கோ போயிருப்பார். அவர் கட்டிய காசின் மின்சாரத்தில் வேறு யாரோ போன் சார்ஜ் போடுகிறார்கள்.

ஏமாற்றம் என்று ஒருவர் சொல்லலாம். என் தாத்தா புளியங்கன்று நட்டபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். "நீங்க எப்பத் தாத்தா புளி பறிப்பீங்க?" என்று கேட்டேன். "நான் பறிச்சதெல்லாம் நான் நட்ட மரமாடா?" என்றார். அந்த மாணவி போட்ட ஓட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆனால் ஒன்று: நட்டவர் போனபிறகு தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஆண்டுதோறும் புது மாணவர்கள் வரும் குழு, பொதுவில் இருக்கும் கணக்கு, சில ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டு. தண்ணீர் ஊற்றும் வேலையைச் செய்பவை இவைதான்.

இங்கே நாம் செய்யக்கூடியது

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டதிட்டம் வேறு, நம்முடையது வேறு. அப்படியே நகல் எடுக்க முடியாது. ஆனால் இரண்டு வசதிகள் இங்கேயே உங்கள் கைக்குள் இருக்கின்றன.

ஒன்று, கேட்கும் உரிமை. அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ நீங்கள் கட்டும் ஒரு கட்டணம் எதற்குச் செலவாகிறது என்று தெரிய வேண்டுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் ரூ.10 கட்டணத்துடன் அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சண்டை போடுகிற தொனி வேண்டாம். எந்த ஆண்டு, எந்தக் கட்டணத் தலைப்பு, எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்று நான்கு வரியில் தெளிவாகக் கேட்டால் போதும்.

இரண்டு, சேர்ந்து போடும் சோலார். 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் தனி வீடுகளுக்கு மட்டும் இல்லாமல், குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் மானியம் உண்டு. மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார், லிஃப்ட் போன்ற பொது உபயோகத்துக்கான சோலாருக்குக் கிலோவாட்டுக்கு ரூ.18,000 என்று திட்டம் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் முன் தேசிய இணையதளத்தில் அன்றைய விதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசும்போது இல்லினாய்ஸ் மாணவர்களின் வரிசையை நினைவில் வையுங்கள். முதலில் எல்லாரிடமும் கேட்டு ஓட்டெடுப்பு. பிறகு தனிக் கணக்கு. பராமரிப்புக்குப் பொறுப்பான ஆள். வாட்ஸ்அப் குழுவில் மாதக் கணக்கு. குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மறுபடி கேள்வி. இந்த வரிசையில் ஒன்றை விட்டாலும், முதல் பேனல் பழுதாகும்போது சங்கத்துக்குள் சண்டை நிச்சயம்.

செய்து பாருங்கள்

பாடம் முடிந்தது. வீட்டுப்பாடம் மூன்று:

1. உங்கள் வீட்டின் கடைசி ஆறு மின் கட்டணக் கணக்குகளை போனில் எடுத்து, மொத்த யூனிட்டைக் கூட்டுங்கள். அதுதான் உங்கள் ஓராண்டுத் தேவை. 78.6 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்தால், அந்தச் சோலார் பண்ணை உங்கள் வீடு மாதிரி எத்தனை வீட்டுக்குப் போதும் என்று தெரியும்.

2. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களின் கட்டண ரசீதை ஒரு தடவை வரி வரியாகப் படியுங்கள். புரியாத வரியை வட்டம் போட்டு வையுங்கள்.

3. அந்த வரி எதற்கு என்று கேளுங்கள்.

மூன்றாவதை நான் என் கல்லூரி நாட்களில் செய்யவில்லை. அந்தக் கவரில் இருக்கிற ஆறு ரசீதிலும் அந்த வரி அப்படியே இருக்கிறது. நீங்களாவது கேட்டுப் பாருங்கள்.